மணிக்கா, மொத்தமா, தவிட்டுக்கா?

மீனை நிறுத்து விற்கலாம், நெல்லை அளந்து விற்கலாம். கம்ப்யூட்டர் புரோகிராமை எப்படி விற்பது என்பது அதை எழுதுகிறவனுக்கே தெரியாது. இதுதான் எங்கள் தொழிலின் லட்சணம். கண்ணால் பார்க்க முடியாது, கையால் தொட முடியாது, கெட்டுப்போனால் நாற்றம்கூட அடிக்காது. எந்தக் கம்பெனியிலும் சேராமல் சொந்தமாகப் புரோகிராம் எழுதிப் பிழைக்கிற சக பாவிகளே, நீங்களும் என்றாவது ஒரு வாடிக்கையாளர் எதிரில் உட்கார்ந்து, "இதுக்கு எவ்ளோ?" என்ற கேள்விக்கு எச்சில் விழுங்கியிருப்பீர்கள். நான் விழுங்கியது பழவேற்காட்டு ஏரிக்கரையில், எண்பதுகளின் கடைசியில்.

எனக்கு ஊர் ஆரம்பாக்கம். தினமும் ரயிலேறி மெட்ராஸ் போய் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தேன். படித்து முடித்ததும், அதே ரயிலில் ஆயுசு முழுக்கத் தொங்கிக்கொண்டு போய் ஒருத்தரிடம் கைகட்டி நிற்க எனக்கு மனசு வரவில்லை. அப்போது ஏரிக்கரை முழுவதற்கும் இரண்டே கம்ப்யூட்டர்கள்தான் இருந்தன. ஒன்று பழவேற்காடு பஜாரில் இறால் வியாபாரம் செய்த கரீம் பாயிடம்; அவரிடம் இறால் வாங்குகிற மெட்ராஸ்காரர்கள் கணக்கை அச்சடித்த தாளில்தான் கொடுக்க வேண்டும் என்று சொன்னதால் வாங்கியது. இன்னொன்று பொன்னேரி ரோட்டில் ஐஸ் ஃபேக்டரி வைத்திருந்த முதலாளியிடம். கரீம் பாய் வாங்கிவிட்டாரே என்பதற்காக வாங்கியது. இரண்டையும் வேலை செய்யவைக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பிழைத்துக்கொள்வேன் என்று நினைத்தேன்.

ஒரே ஒரு நம்பர்

திருப்பாலைவனத்தில் தூரத்து உறவில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெயர் கஸ்தூரி. காபி டம்ளரை நீட்டிக்கொண்டே, "நீங்க ராக்கெட்டு உடுறவங்களா?" என்று கேட்டாள். இந்தப் பக்கத்தில் கம்ப்யூட்டர் என்றாலே எல்லாருக்கும் ஏரிக்கு அந்தப் பக்கம் கிளம்புகிற ராக்கெட்தான் ஞாபகம் வரும். "இல்ல, இறால் கணக்குப் போடுறவன்" என்றேன். சிரித்துவிட்டாள். சுற்றி வளைப்பானேன், எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது.

அவள் அப்பா எனக்கு மாமா முறை. நெல் விவசாயி. வீட்டு வாசலில் மாடுகள் வரிசையாக நிற்கும். அவர் கேட்ட முதல் கேள்வி, மாசம் எவ்வளவு வரும் என்பது. ஒரு மாசம் கூட வரும், ஒரு மாசம் குறையும், வேலையைப் பொறுத்தது என்று நான் விளக்க ஆரம்பித்தேன். வெற்றிலையை மென்று முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கதை வாணாம்பா. மாசம் எவ்ளோ? ஒரே ஒரு நம்பர் சொல்லு. தை பொறக்கிறதுக்குள்ள சொன்னா பொண்ணு உனக்கு. இல்லாங்காட்டி ஊத்துக்கோட்டையில ஒரு ஸ்கூல் வாத்தியாரு கேட்டுனு கீறாரு."

விரலுக்குக் கூலி

வெளிநாட்டில் எல்லாம் புரோகிராம் எழுதுகிறவர்கள் மணிக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்களாம். எங்கோ படித்ததை நம்பி, கரீம் பாயிடம் மணிக்கணக்கில் கேட்டேன். பேரமே பேசாமல் ஒத்துக்கொண்டார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மறுநாள் போனால், கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் தலையில் இரண்டு மணி வைத்த அலாரம் கடிகாரம். அதற்குப் பக்கத்தில் பாய், கையில் சிலேட்டோடு. என் முகத்தைப் பார்க்கவில்லை, விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் நின்றால் சிலேட்டில் ஒரு கோடு. கரண்ட் போனால் கோடு. அவரே வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்தாலும் கோடு. கன்னத்தில் கைவைத்துத் திரையை முறைத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் கோடோ கோடு. சாயங்காலம் கோடுகளைக் கழித்துப் பார்த்தால், காலையிலிருந்து நான் அங்கே இருந்ததாகவே தெரியவில்லை. "பாய், நான் சும்மா உக்காரல, யோசிச்சேன்" என்றேன். "யோசிக்கிறதை உங்க வூட்லயே யோசிச்சிட்டு வா தம்பி. இங்க வந்து விரலை மட்டும் ஆட்டு" என்றார்.

ரோஷம் வந்துவிட்டது. வீட்டில் யோசித்தேன், பஸ்ஸில் யோசித்தேன், சாப்பிடும்போது யோசித்தேன். அடுத்த முறை போனதும் மடமடவென்று அடித்து, பாய் இரண்டாவது டீ சொல்வதற்குள் வேலையை முடித்துவிட்டேன். கிடைத்த காசு பஸ்ஸுக்குப் போக முறுக்கு வாங்கத்தான் கண்டது. வேலை கைவரக் கைவர வருமானம் இறங்குகிற தொழில் வேறு எங்காவது உண்டா? என் முகம் போன போக்கைப் பார்த்து பாய்க்கே மனசு கேட்கவில்லை. தோளில் தட்டிச் சொன்னார்: "அடுத்த தபா கொஞ்சம் மறந்துட்டு வா தம்பி, மணி கூட ஆவும்."

அப்படியே

சரி, மணியே வேண்டாம், மொத்தத்துக்கு ஒரு விலை என்று ஐஸ் முதலாளியிடம் போனேன். வாட்டசாட்டமான மனிதர். பேசினால் எதிர் ரோட்டுக்குக் கேட்கும். நான் சொன்ன விலையைப் பாதியாக்கி, அதில் பாதியை முன்பணமாகக் கொடுத்து, எலும்பு நொறுங்குகிற மாதிரி கைகுலுக்கினார். யாருக்கு எத்தனை ஐஸ் பார் போனது என்ற கணக்கு, அவ்வளவுதான் வேலை. முடித்துக் கொடுத்தேன். "பேஷ்! அப்பிடியே கரண்டு பில்லையும் சேத்துடு" என்றார். சேர்த்தேன். அப்படியே ஆட்களுக்குக் கொடுத்த அட்வான்ஸ். அப்படியே லாரி டீசல். அப்படியே கோயில் திருவிழா வசூல். 'அப்படியே' என்ற சொல்லைத் தமிழிலிருந்து எடுத்துவிட்டால் எங்கள் ஆட்களில் பாதிப் பேர் உருப்பட்டுவிடுவோம்.

திருவிழா வசூல் வந்தபோது நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "முதலாளி, இதெல்லாம் தனி" என்றேன். மனிதர் நெஞ்சில் கைவைத்துவிட்டார். கோபம் இல்லை, நிஜமாகவே வருத்தம். "ஓட்டல்ல சாப்பாட்டுக்கு டோக்கன் வாங்கிட்டா, ரசத்துக்கும் மோருக்கும் தனியா துட்டு கேப்பானா? நீ இன்னாப்பா, எல போட்டதுக்கே பில்லு போடுறே!"

மாட்டைக் கேளு

அடுத்தது திருப்பாலைவனத்து ரைஸ் மில். அந்த வேலையை நான் எடுத்ததற்கு ஒரே காரணம், மில் இருந்தது கஸ்தூரி வீட்டுக்கு அடுத்த தெருவில். மில்காரரிடம் கம்ப்யூட்டர் கிடையாது. அவருடைய கணக்கை எடுத்துக்கொண்டு போய் கரீம் பாய் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுப்பதாக ஏற்பாடு. அதற்குப் பாய் என்னிடம் மெஷினுக்கு மணிக்கணக்கில் வாடகை வாங்கினார். சிலேட்டில் இந்தத் தடவை ஒரு கோடுகூட விழவில்லை.

மில்காரர் கூலி விஷயத்தில் நேர்மையானவர். "அரைக்க வர்றவங்க எனக்குத் துட்டா குடுக்கிறாங்க? தவுட்டை வுட்டுட்டுப் போறாங்க. அதான் என் கூலி. உனக்கும் அதுதான்" என்றார். நான் தயங்கியதும், "தவுடும் துட்டும் ஒண்ணுதான். சந்தேகம்னா மாட்டைக் கேளு" என்றார். கேட்பதற்கு எங்கள் வீட்டில் மாடு இல்லை. மூட்டையைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். தலை, புருவம், மீசை எல்லாம் தவிடு. அந்த ஊரிலேயே மாடு அதிகம் இருந்த வீடு எதுவென்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். கதவைத் திறந்தவள் கஸ்தூரி. என்னைப் பார்த்து, நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டுப் பேரம் பேசினாள். அதுவும் அடிமட்ட விலைக்கு. வெட்கத்தில் நானும் ஒத்துக்கொண்டேன். பின்னாலேயே வந்த அவள் அப்பா என்னை உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை பார்த்தார். "கம்ப்யூட்டர் படிச்சிருக்கான்னுதான் உங்க நைனா சொன்னாரு. தவுடு யாவாரின்னு ஒரு வார்த்த சொல்லலியே!"

கம்ப்யூட்டருக்கு அரைப் பங்கு

லைட்ஹவுஸ் குப்பத்து தேசப்பன் புதிதாக ஃபைபர் போட்டுகள் வாங்கி மோட்டாரும் மாட்டியிருந்தார். கரீம் பாய்க்கு மீன் போடுகிறவர். கடலில் கிடைத்ததைப் பங்கு போடுவதற்கு அங்கே ஒரு முறை உண்டு. விற்ற பணத்தில் டீசலுக்கும் சாப்பாட்டுக்கும் ஆன செலவைக் கழித்துவிட்டு, போட்டுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, மோட்டாருக்கு ஒரு பங்கு, அப்புறம் ஆளுக்கு ஒரு பங்கு. வாரா வாரம் மணலில் உட்கார்ந்து இதற்காக அடிதடி. மனுஷன் போட்டால்தான் சண்டை, கரீம் பாயின் மெஷின் போடட்டும் என்று முடிவாகி என்னைக் கூப்பிட்டார்கள். என் கூலிக்கும் மணலிலேயே பஞ்சாயத்து நடந்தது. வலைக்கே பங்கு இருக்கும்போது கம்ப்யூட்டருக்கு இல்லாமலா? அரைப் பங்கு என்று தீர்ப்பானது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இறால் படுகிற சீசனில் அரைப் பங்கு என்றால் சும்மாவா! படகில் ஏரியைக் கடந்து வரும்போதே மனசுக்குள் கல்யாணப் பந்தல் போட்டுவிட்டேன்.

முதல் வாரம் கடல் கொந்தளிப்பு, ஒரு போட்டும் இறங்கவில்லை. ஒன்றுமில்லாததில் பாதி எனக்கு. இரண்டாவது வாரம் வலை பாறையில் மாட்டிக் கிழிந்தது. பங்குக்காரர்கள் எல்லாரும் தைக்கக் காசு போட வேண்டும் என்றார்கள், நானும் போட்டேன். அப்புறம் ஒரு நாள் விடிந்தும் விடியாமலும் ஆள் வந்தது. காற்று திரும்பிவிட்டது, போட்டுகளைக் கரையில் ஏற்ற வேண்டும், பங்கு வாங்குகிறவன் கயிறு பிடிக்க வேண்டும். இஸ்திரி போட்ட பேண்ட்டோடு போனேன். முதல் அலையே என்னைப் புரட்டி எடுத்துவிட்டது. வாயெல்லாம் மணலோடு எழுந்து நின்று, நான் கணக்கு எழுதுகிறவன், என்னை ஏன் இழுக்கிறீர்கள் என்று கத்தினேன். கயிற்றை விடாமலே தேசப்பன் திரும்பிக் கேட்டார்: "பேண்ட்டு நனையாம துட்டு வாங்க இது இன்னா கவர்மெண்டு உத்தியோகமா?"

மாசா மாசம்

மார்கழி வந்துவிட்டது. தலையை அடகு வைத்தாவது ஒரு நம்பர் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். நான்கு பேரிடமும் ஒரே பேச்சு: மாசம் ஒரு சிறு தொகை கொடுங்கள், எப்போது கூப்பிட்டாலும் வருகிறேன், எது கெட்டாலும் சும்மாவே சரிசெய்கிறேன். கரீம் பாய் தாடியை நீவிக்கொண்டு, "ஓட்டை வுழாத படகுக்கு மாசா மாசம் தச்சனுக்குக் கூலி குடுப்பாங்களா தம்பி?" என்று கேட்டார். ஐஸ் முதலாளி மறுபடியும் டோக்கனை ஆரம்பித்தார். மில்காரர் மாசம் ஒரு மூட்டை என்று சொல்லி வாய்மூடுவதற்குள் சைக்கிளை எடுத்துவிட்டேன். நான்கு பேரிடமும் கூலிப் பாக்கி நின்றது. அதையாவது கொடுங்கள் என்றால், ஒவ்வொருத்தரும் சொல்லிவைத்த மாதிரி, அது எங்கே ஓடிப்போகிறது என்றார்கள்.

கடைசியாகக் குப்பத்துக்குப் போனேன். வழியெல்லாம் ஒரே நினைப்பு. ஊத்துக்கோட்டை வாத்தியாருக்குச் சம்பளம் ஒன்றாம் தேதி டாணென்று வரும். கஸ்தூரி அவருக்குக் காபி நீட்டுவாள். நான் அந்தத் தெருவில் தவிடு விற்றுக்கொண்டு போவேன். இதை நினைத்தால் யாருக்குத்தான் அழுகை வராது? தேசப்பன் நான் சொன்னதை எல்லாம் கேட்டார். பாவமாகத்தான் பார்த்தார். ஆனால் சொன்னது இதுதான்: "மாசா மாசம் கரெக்டா வர்றது அமாவாசையும் பௌர்ணமியும்தான், கம்ப்யூட்டரு. கடல்ல வேற ஒண்ணும் அப்பிடி வராது."

கயிற்றில் கை

பொங்கலுக்கு முன்னால் கஸ்தூரியின் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். அதுவரை கிடைத்ததை எல்லாம் கூட்டி, மாசத்துக்கு வகுத்து ஒரு நம்பர் வைத்திருந்தேன். கூட்டியதில் தவிடும் உண்டு, குப்பத்தில் காசுக்குப் பதில் கொடுத்த நெத்திலியும் உண்டு. அந்த நம்பரைச் சத்தமாகச் சொல்ல வாய் கூசியது. நான் தொண்டையைச் செருமியதும், "இரு" என்று கையமர்த்தினார். என்னிடம் சொல்லாமல் பஸ்ஸேறி, படகேறி, என் நான்கு வாடிக்கையாளர்களையும் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். நான்கு பேரிடமும் கூசாமல் ஒரே பொய்யைச் சொல்லியிருக்கிறார்: உங்கள் கம்ப்யூட்டர் பையனுக்கு மெட்ராசில் வேலை பார்த்துவிட்டேன், அடுத்த வாரம் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன்.

கரீம் பாய் பதறிப்போய் அவருக்கு அல்வா வாங்கிக் கொடுத்துக் கையைப் பிடித்துக்கொண்டாராம். ஐஸ் முதலாளி சண்டைக்கே வந்துவிட்டாராம். மில்காரர், அறுப்பு முடிகிற வரைக்கும் தொடக்கூடாது என்றாராம். தேசப்பன் அரைப் பங்கை முக்கால் ஆக்குகிறேன் என்றாராம். அவர்கள் பதறியதற்கு என் திறமை பாதிக் காரணம். எந்தக் கட்டளையை அடித்தால் எது வரும் என்பது என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது என்பது மீதிப் பாதி. அதை எல்லாம் விளக்கிக்கொண்டிருக்க அது நேரமில்லை. எங்கள் நைனா, "அப்ப மாசம் எவ்ளோன்னு..." என்று இழுத்தார். மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். "சந்தையில மாட்டுக்கு வெல கேட்டா எவன் வேணா எவ்ளோ வேணா சொல்லுவான். அவுத்துனு போறேன்னு கயித்துல கை வெக்கணும். எவன் பதர்றானோ அவங்கிட்ட கீறதுதான் உழவு மாடு. நாலு பேரும் பதறிட்டாங்க, மாப்ள!"

மாடு என்று சொன்னதுகூட எனக்கு அப்போது காதில் விழவில்லை. மாப்ள என்றதுதான் விழுந்தது.

மைக்கில் வந்த கூலி

தை மாதமே திருப்பாலைவனத்தில் கல்யாணம். நான்கு பேரும் வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்து மொய் எழுதுகிற மேசைக்கு மைக் வைத்தார்கள். முதலில் கரீம் பாய் பெயரை வாசித்தார்கள். தொகையைக் கேட்டதும் பந்தலே திரும்பிப் பார்த்தது. எனக்கு மட்டும் அந்தத் தொகை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. எனக்கு அவர் தர வேண்டிய பாக்கி எவ்வளவோ அவ்வளவு. மேலே மொய்க்காக ஒரு ரூபாய்! ஐஸ் முதலாளியும் அப்படியே. தேசப்பனும் அப்படியே. தவிட்டுப் பாக்கியை ரூபாயாக்கி மில்காரரும் அப்படியே. வரிசையில் வந்து கைகொடுத்த பாய், "பாக்கி தீந்துச்சு தம்பி" என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார். மாமனார், மாப்பிள்ளைக்கு எப்பேர்ப்பட்ட மனிதர்கள் பழக்கம் என்று ஊரெல்லாம் சொல்லிப் பூரித்தார். நானும்தான் பூரித்தேன். ஒரே நாளில் நான்கு பாக்கியும் வசூலான பாவி நம்மில் வேறு யார்?

மாசி முடிவதற்குள் பாய் வீட்டு நிக்காஹ் பத்திரிகை வந்தது. பின்னாலேயே ஐஸ் முதலாளி வீட்டுக் கல்யாணப் பத்திரிகை. வாங்கிய மொய்க்கு மேல் கொஞ்சம் கூட்டித் திருப்பி எழுத வேண்டும் என்பது ஊர் வழக்கம். பஜாருக்கு ஓடிப்போய், "பாய், அது மொய் இல்ல, என் கூலி" என்றேன். "கூலியை எவனாவது மைக்கு வெச்சுக் குடுப்பானா தம்பி?" என்று சிரித்தார். வீட்டுக்கு வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். கஸ்தூரி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பத்திரிகைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ரொம்பக் கரிசனமாகச் சொன்னாள்: "மணிக்கா, மொத்தமான்றதெல்லாம் அப்பால பேசலாம். இனிமே ஒரு வேலைக்கு ஒத்துக்கிறதுக்கு முன்னாடி, அவங்க வூட்ல கல்யாணத்துக்கு எத்தினி பசங்க கீறாங்கன்னு கேட்டுக்குங்க."

ஆக, சக பாவிகளே, செய்த வேலைக்கு வாங்கிய கூலியை, மேலே கொஞ்சம் போட்டு, மஞ்சள் தடவிய கவரில் வைத்து, புதுப் பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த தொழில்காரன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.